செவ்வந்தியின் அலைப்பலகை

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது. 1996, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து பழைய சேலையை வரிந்து கட்டிக்கொண்டு செவ்வந்தி தொட்டிக்குள் இறங்கினாள். அந்த வாய்க்குள் நுழையும் அளவுக்கு அந்த வீட்டில் ஒல்லி அவள் ஒருத்திதான். மகள் இனியா வெளியே நின்று பக்கெட்டையும் தேங்காய்நார் பிரஷையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள்.

"பிளீச்சிங் பவுடர் நெடி தாங்குதாம்மா?"

"இதென்ன நெடி. உங்கப்பா மூஞ்சிக்கு அடிக்கற லோஷனுக்கு இது எவ்வளவோ தேவலை கண்ணு."

குரல் தொட்டிக்குள் சுற்றிவிட்டுத்தான் வெளியே வந்தது. மாடிப்படியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த ஜெரோம் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "கேட்டுதுங்க அம்மணி."

"கேக்கோணும்னுதான் சொன்னனுங்க."

"இனியா, உங்கம்மா இப்ப என்ன பண்றா? உக்காந்துட்டு இருக்கறாளா, நிக்கறாளா?"

"நிக்கறாங்கப்பா."

"நல்லாப் பாத்துக்க. பின்னால கேசு வந்தா நீதான் சாட்சி."

தொட்டிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து அழுக்குத் தண்ணீரை அவர் இருந்த திசைக்கு விசிறியது. படி வரைக்கும் அது எட்டவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே, "சிரிங்க, சிரிங்க. கிறிஸ்துமஸ் லீவுல கரையில நிக்க வெச்சுக் காட்டறேன் பாருங்க," என்றாள்.

இந்தக் கேலி அந்த வீட்டில் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெரோம் மின்வாரியத்தில் கணக்கு எழுதுகிறவர். ஈரோட்டுக்காரர். கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. அவருடைய மனைவி படிக்கப் போன தேசத்தில் ஒரு நாள் அலையின் மேல் பலகை போட்டு நின்றதாகச் சொன்னாள். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவர் இல்லாததை நம்ப மாட்டேன் என்று அவர் விளையாட்டாகச் சொல்லப்போய், அதுவே பழக்கமாகிவிட்டது. செவ்வந்திக்குக் கோபமெல்லாம் இல்லை. ஆனால் இன்னொரு தடவை நிற்க வேண்டும், அதை இந்த மனுசன் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குள் உறுதியாக இருந்தது.

செவ்வந்தி பிறந்தது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், ஒரு தென்னந்தோப்பின் சாளைக் குடிசையில். அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்தில் கூலி வேலை. சுற்றிலும் பெரிய பெரிய கிணறுகள் இருந்தன. எல்லாம் தோட்டக்காரர்களுடையவை. இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவற்றில் இறங்கக் கூடாது. பிறகு அரசாங்கம் மலையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டது. வாய்க்காலில் இறங்காதே என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நீச்சல் என்று ஒன்றை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தார் வெட்டிப் போட்ட வாழைமரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் குப்புறப் படுத்தால், வாய்க்கால் இழுத்துக்கொண்டு போகும். அடுத்த பாலத்தில் படியைப் பிடித்து ஏறிக்கொள்ள வேண்டும். மரத்தை விட்டுவிட வேண்டும். கரைவழியே நடந்து திரும்பி வர வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. வாழைமரத்தின் மேல் எழுந்து நிற்க முயன்றவர்கள் உண்டு. நின்றவர்கள் இல்லை. அது உருளும். ஆகவே கையிரண்டாலும் மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வது என்பது அவள் உடம்பில் அப்போதே ஏறிவிட்டது.

அப்புறம் மிஷன் பள்ளி, விடுதி, பி.எஸ்ஸி. இயற்பியல், கோவையில் வேலை. பீளமேட்டில் ஒரு நூல் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். மில்களிலிருந்து பஞ்சும் நூலும் வரும். எத்தனை பலத்தில் இழுத்தால் அறும், எவ்வளவு முறுக்கு இருக்கிறது, எங்கே தடிமன், எங்கே மெலிவு என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. பொறுமையான ஆள் என்று பெயர். நூல் அறுவதைப் பார்த்துப் பார்த்தே தனக்குப் பொறுமை வந்துவிட்டது என்பாள்.

1992-ல் அந்தக் கூடம் ஒருவரை ஒரு வருடப் படிப்புக்கு ஆஸ்திரேலியா அனுப்பியது. இளைய அதிகாரிகள் இரண்டு பேர் பெண்டாட்டி பிள்ளைப்பேறு என்றும், தங்கை கல்யாணம் என்றும் விலகிக்கொள்ள, நாற்பதைத் தாண்டிய செவ்வந்திக்கு அந்த இடம் கிடைத்தது. ஜெரோம் ஒரு நாள் யோசித்தார். "போயிட்டு வா. நான் ரசம் வைக்கக் கத்துக்கறேன்," என்றார். இனியா அப்போது பொறியியல் கல்லூரியில் முதல் வருடம் முடித்திருந்தாள்.

படித்த ஊர் மெல்போர்னுக்குத் தென்மேற்கே, கம்பளி ஆலைகள் இருந்த ஊர். வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவள் செவ்வந்தி. அவளுடைய அறைத்தோழி யாந்தி இந்தோனேசியாக்காரி. சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு சனி ஞாயிறுக்கு வெளிநாட்டு மாணவர்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். போனவுடன், விருப்பம் இருப்பவர்கள் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். யாந்தி கையைத் தூக்கினாள். தனியாகப் போகப் பயந்து, பக்கத்திலிருந்த செவ்வந்தியின் கையையும் சேர்த்துத் தூக்கிவிட்டாள்.

அங்கே நடந்ததை இனியா நேரில் பார்க்கவில்லை. அம்மா சொல்லிச் சொல்லி அவளுக்குள் அது பார்த்த மாதிரியே ஆகிவிட்டது.

முதலில் ரப்பர் உடுப்பு. அதை மாட்டிக்கொண்டு கூடாரத்தைவிட்டு வெளியே வருவதுதான் செவ்வந்திக்குக் கடலைவிடப் பெரிய பயமாக இருந்தது. தாலியை உள்ளே தள்ளி, மேலே ஒரு முழுக்கை பனியனையும் போட்டுக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் அவளை யாரும் பார்க்கவே இல்லை. அவரவர்க்கு அவரவர் நடுக்கம்.

கற்றுக்கொடுத்தவன் டேரன் என்று ஒரு பையன், இனியா வயதுதான் இருக்கும். மணலில் பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னான். செவ்வந்தி படுத்த விதத்தைப் பார்த்து, "இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். வாழைமரத்தை அவனுக்கு எப்படி விளக்குவது? "கொஞ்சம்," என்று சொல்லிவைத்தாள்.

தண்ணீரில் படுத்ததும் முதலில் ஏமாந்தாள். வாய்க்கால் தண்ணீர் ஒரே பக்கம் போகும். ஏறினால் இறங்குகிற இடம் வரைக்கும் நம்மோடு வரும். இந்தத் தண்ணீர் கரைக்குக் கொண்டுபோவதுபோல் ஆசை காட்டிவிட்டு, பாதியில் பின்னால் இழுத்தது. இது என்ன நியாயம் என்று தோன்றியதாம். டேரன் பின்னால் நின்று அலை வரும் நேரம் பார்த்துப் பலகையைத் தள்ளிவிட்டான். தள்ளுகிறபோதெல்லாம் "எழு! எழு!" என்று கத்தினான். அவள் முழங்கால் வரைக்கும் எழுவாள். அதற்கு மேல் கை விடாது. கையிரண்டும் பலகையின் இரண்டு ஓரத்தையும் கவ்விக்கொண்டுவிடும். கையை எடுக்காமல் எப்படி நிற்பது? ஒவ்வொரு தடவையும் அப்படியே கவிழ்ந்து, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி, மணலை வாயில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"கையை விடுங்கள். கீழே பார்க்காதீர்கள். வேறெதையாவது நினையுங்கள்," என்றான் டேரன்.

அவளுக்கு வேறெது நினைவுக்கு வரும்? புல்லுக்கட்டுதான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தோட்டத்து மாட்டுக்கு அறுத்த புல்லைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடி வரப்பில் நடப்பாள். தலையில் கட்டு இருந்தால் காலைப் பார்க்க முடியாது. கையிரண்டும் மேலே இருக்கும். இடுப்புதான் எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்ளும்.

அடுத்த அலைக்கு டேரன் தள்ளிவிட்டதும் அவள் கைகள் பலகை ஓரத்துக்குப் போகவில்லை, தலைக்குப் போயின. இல்லாத புல்லுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். கடல் அவளைக் கரைவரைக்கும் கொண்டுபோய், மணல் தட்டுகிற இடத்தில் இறக்கிவிட்டது. அவள் நடந்து இறங்கினாள். விழவில்லை.

திரும்பிப் பார்த்தால், டேரன் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த ஆளைத் தள்ளுவதற்காகக் கடலைப் பார்த்து நிற்கிறான். யாந்தி கரையில்தான் இருந்தாள். ஆனால் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கடலே தெரியாது.

அன்று சாயங்காலம் வரைக்கும் முயன்றாள். மறுபடி நிற்க முடியவில்லை. மறுநாள் காற்று திரும்பிவிட்டது. அப்புறம் குளிர்காலமும் பரீட்சையும் வந்தன. படிப்பு முடிந்து ஊர் திரும்பிவிட்டாள்.

அங்கே இருந்தபோதே ஊருக்குப் போன் செய்து முதலில் சொன்னது ஜெரோமிடம்தான்.

"ஏனுங்க, நான் அலை மேல நின்னுபோட்டனுங்க."

"அலை மேலயா? யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலீங்."

"அப்ப சரி," என்று அவர் சிரித்த சிரிப்பு அவள் பேசிய டெலிபோன் பூத்துக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள் என்ற விவரம் தெரிந்த பிறகு அவர் பாடு கொண்டாட்டம்தான். சோற்றுக்குக் கூப்பிட்டால் கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் வருவார். "சரண்டர் ஆயிட்டேனுங்க, சோத்தப் போடுங்க," என்பார். உறவுக்காரர்கள் வந்தால் நடித்தே காட்டுவார். அவர்களோடு சேர்ந்து செவ்வந்தியும் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, "ஆனா நின்னனுங்க," என்பாள். கடைசி வார்த்தை எப்போதும் அதுதான்.

இனியா படிப்பை முடித்து ஒரு பம்புசெட் கம்பெனியில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற பிரிவில் சேர்ந்திருந்தாள். அவள் நம்பினாள். அம்மா என்பதால் மட்டும் இல்லை. ஒரே அளவை எத்தனை தடவை எடுத்தாலும் ஒன்றுபோல வந்தால் கருவியை நம்பலாம். அம்மா இந்தக் கதையை நான்கு வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொன்னாள். அலை உயரவில்லை. தூரம் கூடவில்லை. பொய்யாக இருந்தால் வளர்ந்திருக்கும்.

அதனால்தான் பலகை செய்யலாமா என்று அம்மா கேட்டதும் இனியா சரி என்றாள். நம் ஊரில் அப்படி ஒரு பலகை எந்தக் கடையிலும் கிடையாது. "மேற்கால போனாக் கடல்தான கண்ணு. பாலக்காடு தாண்டி அந்தாண்ட. பலகைதான் இல்ல," என்றாள் செவ்வந்தி. நீளம் கேட்டால், கையைத் தூக்கி நின்று விரல் நுனிக்கு மேல் ஒரு சாண் காட்டினாள். அகலம் கேட்டால், படுத்துக் காட்டினாள். இனியா தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்து, ஆபீஸ் முறைப்படி மூன்று பக்கத் தோற்றமும் வரைந்தாள். அடியில் துடுப்பு போல வருகிற சின்னத் தகட்டையும் வரைந்தாள். அளவெல்லாம் சரி. எந்தப் பொருளில் செய்வது என்று மட்டும் எழுதவில்லை. பேட்டர்ன் பட்டறைக்குக் கொடுக்கிற படத்தில் யாரும் மரம் என்று எழுதுவதில்லை, அங்கே எல்லாமே மரம்தான்.

பொங்கியண்ணன் கோவையில் கணபதிப் பகுதியில் பேட்டர்ன் பட்டறை வைத்திருந்தார். பம்பு, மோட்டார் உறைகளை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மர உருவத்தை மணலில் பதித்து எடுத்தால் ஒரு பள்ளம் விழும், அதில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். முப்பது வருடமாக அவர் அந்த மர உருவங்களைத்தான் செய்து வந்தார். இனியாவின் கம்பெனிக்கும் செய்வார். அவள் படத்தைக் கொடுத்தபோது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கம்பெனிப் பிள்ளை கொடுத்தால் அது கம்பெனி வேலை.

இரண்டு வாரம் கழித்து அம்மாவும் மகளும் போனார்கள்.

பட்டறையின் நடுவில், இரண்டு முக்காலிகளின் மேல், ரத்தச் சிவப்பாகப் பெயிண்ட் அடித்து அது கிடந்தது. ஒன்றாக இல்லை, இரண்டாக. மேல்பாதி தனி, கீழ்ப்பாதி தனி. ஒன்றில் பித்தளை முளைகள், இன்னொன்றில் அவற்றுக்கான குழிகள்.

"வாங்க, வாங்கம்மிணி. பாத்துக்கங்க," என்றார் பொங்கியண்ணன். முகமெல்லாம் பெருமை. "இத்தன பெரிய ரெக்கைய நான் இதுவரைக்கும் பண்ணுனதில்லீங்க. எந்தப் பம்புக்குங்க இது? டேமுக்குங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் விளக்கிக்கொண்டே போனார். மணலிலிருந்து சேதமில்லாமல் எடுக்க வேண்டும் என்றால் நடுவில் பிளந்துதான் செய்ய வேண்டும். ஓரமெல்லாம் கொஞ்சம் சரிவு கொடுத்திருக்கிறார். அடித்தகடு மணலில் மாட்டிக்கொள்ளும் என்று அதைக் கழற்றி மாட்டும்படி தனித்துண்டாக்கியிருக்கிறார். "அப்புறம் நீங்க படத்துல சொல்லலீங்க. ஆனாலும் சுருக்கத்துக்கு விட்டிருக்கறனுங்க."

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்காக மர உருவத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவரிடம் ஒரு தனி ஸ்கேலே இருந்தது. அதில் அங்குலம் ஊர் அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

செவ்வந்தி பக்கத்திலிருந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று இனியா குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே வராமல், தோள் குலுங்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"ஏனுங்க, தப்பாப் போச்சுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"அண்ணா, இத வார்த்தா எத்தன பாரம் வருமுங்க?"

"அது கெடக்குதுங்க, நெம்ப வருமுங்க. நாலு ஆளு தூக்கோணும்."

"இது மேல நான் கடல்ல மெதக்கோணுங்க."

அவர் செவ்வந்தியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், இனியாவைப் பார்த்தார். இனியா மெல்ல விஷயத்தைச் சொன்னாள். அலை, பலகை, அதன்மேல் மனிதர் நிற்பது எல்லாம். கேட்டு முடித்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இரும்பு ஆகாதுங்களே," என்றார்.

"ஆகாதுங்."

"மரமும் ஆகாதுங்களே அம்மிணி. இப்பவே ரெண்டு பேரு புடிக்கோணும்."

செவ்வந்தி எழுந்து வந்து கீழ்ப்பாதியின் உள்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். பாதி பாதியாகப் பிளந்து கிடந்ததை ஒரு நிமிடம் பார்த்தாள். "ரெண்டாப் பண்ணுனது நல்லதாப் போச்சுங்கண்ணா. உள்ள குடைஞ்சு போடுங்க. ஓரத்தை மட்டும் உட்டுட்டு ரெண்டையும் குடைஞ்சு, பசை போட்டு மூடீரலாம். பானையாட்டம் உள்ள வெறும் காத்துத்தான்."

"குடைஞ்சாப் பேட்டர்ன் தாங்காதுங்க. மண்ணப் போட்டு இடிக்கறப்ப நொறுங்கீரும்."

"மண்ணுக்குள்ள போகாதுங்கண்ணா. தண்ணிக்குள்ள போகுது."

"ஆமாமா, மறந்துட்டனுங்க." சிவப்புப் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "தண்ணின்னா இந்தப் பெயிண்டு பத்தாதுங்களே," என்றார். வேலையை ஏற்றுக்கொண்டார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

குடைந்தார். குறுக்கே சன்னமான சட்டங்கள் வைத்தார். மூடி ஒட்டினார். பக்கத்து வார்ப்புப் பட்டறையின் சிமெண்டுத் தொட்டியில் அதை அமுக்கிப் பார்த்தார்கள். சைக்கிள் டியூப்பில் பஞ்சர் பார்ப்பதுபோல. ஒட்டு நெடுகிலும் குமிழி வந்தது. மறுபடி உலர்த்தி, மறுபடி பூசி, மறுபடி அமுக்கினார்கள். இப்படியே பல வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆபீஸ் முடிந்து செவ்வந்தி கணபதிக்குப் பஸ் ஏறிவிடுவாள். இரண்டு பேரும் தொட்டி ஓரத்தில் குந்தி, குமிழி எங்கே வருகிறது என்று பென்சிலால் குறி போடுவார்கள். வார்ப்புப் பட்டறை ஆட்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். "என்னங்கக்கா, கப்பல் எப்பக் கெளம்புது?" என்பார்கள். "உங்களையும் ஏத்திக்கறேன், வேலைய முடிச்சுட்டு வாங்க," என்பாள் அவள். ஒரு சனிக்கிழமை குமிழி வரவில்லை. பலகையை ஒரே ஆளால் தூக்க முடிந்தது. கடைசிப் பூச்சு ஒன்று மட்டும் பாக்கி.

இனி அதைக் கடலுக்குக் கொண்டுபோவது எப்படி? பஸ்காரர்கள் பார்த்தவுடனே முடியாது என்று கையை ஆட்டினார்கள். ரயில் பார்சலில் போட்டால் இறக்கும்போது உடைப்பார்கள் என்று ஜெரோமே சொன்னார். உக்கடம் மீன் மார்க்கெட்டில் செவ்வந்தி வழக்கமாக மீன் வாங்குகிற வியாபாரி அப்துல் கையூம். மீனை வெட்டிக்கொண்டே அவர்தான் வழி சொன்னார். கேரளக் கரையிலிருக்கும் பொன்னானியிலிருந்து விடியற்காலை ஐஸ் பெட்டிகளோடு லாரி வருகிறது, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. "போற வண்டி சும்மாதானுங்க போகுது. எந்த நாள்னு மட்டும் முன்னாடி வந்து சொல்லீருங்கம்மா. பெட்டியெல்லாம் ஓரமாத் தள்ளச் சொல்றேன். பலகைக்கு மீன் வாசம் அடிக்கும், அவ்வளவுதான்."

"கடலுக்குப் போறதுக்கு மீன் வாசம் அடிச்சா என்னுங்க பாய்," என்றாள் செவ்வந்தி.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது ஜெரோம் வழக்கம்போல் கையைத் தலைமேல் வைக்கவில்லை. பலகை நிஜமாகிவிட்டது, லாரியும் நிஜமாகிவிட்டது. அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்திருக்க வேண்டும்.

"அந்தக் கடல்ல இழுப்பு இருக்குமா?"

"கரையோரம்தானுங்க. இடுப்பளவுதான்."

"எனக்கு நீச்சல் தெரியாது. நீ விழுந்தா நான் வந்து தூக்க முடியாது."

"தூக்க வேண்டாமுங்க. பாத்தாப் போதும்."

அவர் காபி டம்ளரைக் கைக்குள் சுழற்றினார். பிறகு சொன்னார்: "கரையில நிக்கறேன். தண்ணியில காலு வெக்க மாட்டேன். ஆனா கண்ண எடுக்க மாட்டேன்."

செவ்வந்தி அன்றைக்கு அதிகமாகப் பேசவில்லை. சந்தோசம் வந்தால் அவள் பேச்சு குறைந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எந்த நாள் என்பதை ஜெரோமின் லீவைப் பார்த்து முடிவு செய்வது, உடனே உக்கடம் போய்ச் சொல்லிவிட்டு வருவது என்று பேச்சு. தொட்டி கழுவிய ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவள் ஒரு நாளை முடிவு செய்துவிட்டாள். "புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் அப்படியே பாயிட்ட போய்ச் சொல்லீட்டு வந்தர்றேன். அங்க சொன்னதுக்கப்புறம் உங்களுக்கும் சொல்றேன், இல்லீனா லீவ மாத்தீருவீங்க," என்றாள். என்ன நாள் என்று எத்தனை கேட்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம், பரிசோதனைக் கூடத்தில், ஒரு நூல்கண்டை இயந்திரத்தில் மாட்டியவள் தலை வலிக்கிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி இல்லை என்றும் சொன்னார். இனியா அவரிடம் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் பொங்கியண்ணன் துக்கம் கேட்க வந்தார். ஜெரோமின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இனியாவிடம், "கடேசிப் பூச்சும் அடிச்சுட்டனுங்கம்மிணி. காஞ்சிருச்சு. பட்டறையில எடத்த அடைக்கலீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார்.

டிசம்பர் பாதியில் இனியா உக்கடம் போனாள். ஏற்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம், ஒருவர் நமக்காகக் காத்திருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் போனாள். கையூம் அவளை அம்மாவோடு பார்த்திருக்கிறார். தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

"வா கண்ணு. எங்க அம்மா? எந்த நாள்னு வந்து சொல்றேன்னு போனவங்க இந்தப் பக்கமே காணோம். டிரைவரு என்னையப் போட்டு அரிக்கறான், எப்பண்ணா பலகை வருது, எப்பண்ணா பலகை வருதுன்னு."

இனியா சொன்னாள். கையூம் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். இறந்தவர்களுக்குச் சொல்கிற வாசகத்தை வாய்க்குள் சொன்னார். அவரைச் சுற்றி விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

"பலகை?"

"தயாரா இருக்குதுங்க."

"வண்டி தெனம் போகுது கண்ணு. எனக்கு ஒரு சிரமமும் இல்ல. வேண்டாம்னு சொல்லத்தான வந்தே? அத இன்னைக்கே சொல்லோணும்னு இல்ல. அப்பாவக் கேட்டுட்டு வந்து நாளச் சொல்லு."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரிங்க என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தாள். ஜெரோம் ரசம் வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், "பாய் என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"எந்த நாளுன்னு கேட்டாருங்கப்பா."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். "கரையில நிக்கறேன்னு சொன்னது நானு. அது இப்பவும் சொல்றேன், நிக்கறேன். எந்த நாளுன்னு அவ மனசுக்குள்ளதான வெச்சிருந்தா," என்றார்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. லாரி தினமும் காலையில் ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டுப் பாலக்காட்டுப் பாதையில் காலியாகத் திரும்புகிறது. உக்கடத்துக்குப் போய் இன்ன நாள் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.